ஈந்தபின் வரும் நாள்கள்

நுழையும்முன்

ஈகை என்றதும் கொடுக்கும் கணமே நம் நினைவுக்கு வருகிறது. கொடுத்தவர் வீடு திரும்பியபின் அவருக்கு என்ன நேர்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. முன்பின் அறியாத ஒருவருக்குத் தம் சிறுநீரகத்தை அளித்தவர் உடல்தேறி எழும் நாள்களை இப்பாடம் விளக்குகிறது.

முகமறியாக் கொடை

1954ஆம் ஆண்டு டிசம்பர் 23 அன்று, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ரொனால்டு ஹெரிக் என்பவர் தம் இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குச் சிறுநீரகம் ஒன்றை ஈந்தார். மருத்துவர் ஜோசப் முர்ரே பொருத்திய அச்சிறுநீரகம் செம்மையாக இயங்கியது. உடன்பிறந்தார்க்கு அளிப்பதாகத் தொடங்கிய இக்கொடை, காலப்போக்கில் குருதி உறவைக் கடந்து விரிந்தது. பிரிட்டனில் 2006ஆம் ஆண்டு முதல், முற்றிலும் அறிமுகமில்லாதவருக்கும் சிறுநீரகம் அளிக்கச் சட்டம் இடமளிக்கிறது. அதற்காகப் பணம் பெறுவது குற்றமாகும். பெறுபவர் யார் என்பது கொடையாளருக்கும், கொடுத்தவர் யார் என்பது பெறுபவருக்கும் பொதுவாக அறுவைக்கு முன் தெரிவிக்கப்படுவதில்லை.

நலமுடன் சென்று நலிவுடன் மீளல்

பிற அறுவைகளுக்குச் செல்பவர் நோயுடன் சென்று, நோய் நீங்கும் என்னும் நம்பிக்கையுடன் திரும்புகிறார். சிறுநீரகக் கொடையாளரோ முழு நலத்துடன் சென்று, வலியுடனும் சோர்வுடனும் திரும்புகிறார். அவ்வறுவையால் அவர் உடலுக்கு எந்த நன்மையும் இல்லை. ஆகவேதான், உடலும் உள்ளமும் தகுதியுடையனவா எனப் பல மாதங்கள் ஆராய்ந்த பின்னரே மருத்துவர்கள் இசைவளிக்கின்றனர்.

இன்று பெரும்பாலும் சிறு துளைகளின் வழியாகவே இவ்வறுவை செய்யப்படுகிறது. வயிற்றுக்குள் இடம் உண்டாக்குவதற்காகக் கார்பன் டை ஆக்சைடு வாயு செலுத்தப்படுகிறது. எஞ்சி நிற்கும் வாயு உதரவிதானத்தை உறுத்தும்போது வலி தோளில் தோன்றும். உதரவிதானத்தின் நரம்பும் தோளின் நரம்பும் தண்டுவடத்தின் ஒரே பகுதியோடு இணைந்திருப்பதே இதற்குக் காரணம். வயிற்றில் அறுவை நடக்கத் தோளில் வலிப்பதேன் என அஞ்சும் கொடையாளர், இக்காரணத்தை அறிந்தால் அமைதி பெறுவார். அவ்வலி சில நாள்களில் தானே மறையும்.

வீட்டில் தேறும் வாரங்கள்

சில நாள்களில் கொடையாளர் வீடு திரும்புகிறார். முதல் வாரங்களில் சிறுசிறு செயல்களும் கடினமாகின்றன. இருமும்போது வயிற்றின்மேல் தலையணையை அணைத்துக்கொள்ள வேண்டும். கால் சிரைகளில் குருதி உறையாமல் இருக்க, அன்றாடம் சிறிது தூரம் நடக்க வேண்டும். வலிநீக்கும் மருந்துகளால் மலச்சிக்கல் உண்டாகலாம். நீரும் நார்ச்சத்து மிக்க உணவும் அதனைத் தணிக்கும். ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குப் பாரம் தூக்குதல் கூடாது. தூக்கினால் தையலிட்ட வயிற்றுச் சுவர் தளர்ந்து குடலிறக்கம் ஏற்படலாம்.

வெளிக்காயம் ஆறியபின்னும் சோர்வு நீடிக்கும். காண்போர் அவரை நலமானவராகவே கருதுவர். அவரோ நண்பகலிலேயே களைத்துப் படுத்திருப்பார். பிறருக்கு உதவியே பழகியவர், ஒரு குடம் நீருக்கும் பிறர் கையை எதிர்பார்க்க நேர்கிறது. தயக்கமின்றி உதவியை ஏற்பதும் மருந்து உண்பதைப் போன்றே இன்றியமையாதது.

விடை வாராத கேள்வி

உறவினருக்கு ஈந்தவர், அவர் முகத்தில் திரும்பும் ஒளியைக் கண்டு தம் வலியை மறப்பார். முகமறியாதவருக்கு ஈந்தவருக்கு அந்த ஆறுதல் இல்லை. பெற்றவரிடமிருந்து மருத்துவமனை வழியாக நன்றி மடல் வரலாம், வாராமலும் போகலாம். பொருத்திய சிறுநீரகம் இயங்காமல் போவதும் உண்டு. அறுவைக்குப்பின் சிலருக்கு மனச்சோர்வு தோன்றுகிறது. அதனை மறைக்காது மருத்துவக் குழுவினரிடம் கூறுதல் நன்று. பயனைக் காணாமலே கொடையில் நிறைவடைவது எளிதன்று. அந்நிறைவை வீட்டில் கழியும் அமைதியான நாள்களில் அவர் மெல்ல மெல்லவே அடைகிறார்.

எஞ்சிய ஒன்றின் உழைப்பு

இதற்கிடையே, எஞ்சிய சிறுநீரகம் சற்றே பருத்துத் தன் பணியைப் பெருக்கிக்கொள்கிறது. முன்பு இரண்டும் சேர்ந்து வடிகட்டிய அளவில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை அது தனித்தே நிறைவேற்றுகிறது. அதனைக் காப்பது கொடையாளரின் வாழ்நாள் கடமை. ஆண்டுதோறும் இரத்த அழுத்தம், குருதியின் கிரியேட்டினின் அளவு, சிறுநீரில் புரதம் ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். இபுபுரூஃபன் போன்ற வலிநீக்கிகளை மருத்துவரைக் கேளாது உட்கொள்ளலாகாது. ஒற்றைச் சிறுநீரகத்துடன் ரொனால்டு ஹெரிக் 2010ஆம் ஆண்டுவரை, ஐம்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தார்.

ஒருவர் ஈந்தபின் அவரைப் போற்றுவதோடு நம் கடமை முடிவதில்லை. அவர் வீட்டு வாயிலில் உணவுடன் நிற்பதும், அவருடன் தெருமுனைவரை நடப்பதும், அவர் கூறுவதைச் செவிமடுப்பதும் அக்கொடையில் நாம் ஏற்கும் பங்காகும்.

தெரியுமா?

இந்தியாவில் 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி, உயிருடன் இருப்பவர் நெருங்கிய உறவினருக்கே பொதுவாக உறுப்பு அளிக்கலாம். பிறருக்கு அன்பின் காரணமாக அளிக்க விரும்பினால், அதற்கான குழுவின் ஒப்புதல் வேண்டும். உறுப்பு வணிகம் தண்டனைக்குரிய குற்றமாகும்.

கற்பவை கற்றபின்

அறுவைக்குப்பின் வீட்டில் ஓய்வெடுக்கும் ஒருவருக்கு அண்டை வீட்டார் செய்யக்கூடிய உதவிகளைப் பட்டியலிட்டு, வகுப்பறையில் கலந்துரையாடுக.