கறுப்பு உடையும் இளவேனில் வண்ணமும்

நம் மலேசிய நாட்டில் இளவேனில் என்று பிரித்துச் சொல்லத்தக்க பருவம் இல்லை. ஆயினும் தோட்டத்தில் வாழ்ந்தவர்க்கு அதன் சாயல் தெரியும். ஆண்டின் தொடக்க மாதங்களில் இரப்பர் மரங்கள் இலை பழுத்துச் செம்பு நிறமாகி உதிர்ந்துவிடும். கிளைகள் வெறுங் கருங்கோடுகளாக நிற்கும். சில வாரங்களில் அக்கோடுகளின் நுனியில் செந்தளிர் அரும்பிப் பின் இளம்பச்சையாக மாறும். எம் செலாயாங் வட்டாரத்தில் தோட்டங்கள் பெரும்பாலும் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஆனால் வறட்சியை அடுத்து மழை பெய்தால், சாலையோரத்து அங்சானா மரங்கள் ஒரே நாளில் பொன்னிறப் பூக்களைச் சொரிவதை இன்றும் காணலாம். நம் புலவர்கள் போற்றிய வேங்கையின் இனத்தைச் சேர்ந்தது அம்மரம். கரிய கிளையின்மேல் மஞ்சட் பூ அழகாக இருக்கிறதென்றால், கரிய ஆடையின்மேல் ஏன் இருக்கலாகாது?

இக்கேள்வியை எழுப்புவோர் இளைஞர்களே. தலை முதல் கால் வரை கறுப்பு அணியும் 'கோத்திக்' உடை வழக்கம் நம் பிள்ளைகள் சிலரிடமும் உண்டு. ஆண்டுதோறும் வசந்த காலத்திற்கென்று வாணிகர்கள் பரப்பும் வெளிர் வண்ணங்களை அவ்வுடையோடு எவ்வாறு பொருத்துவது என்று அவர்கள் ஆராய்கின்றனர். தீபாவளிக்கும் சித்திரைப் புத்தாண்டிற்கும் கறுப்பு உடுத்தலாகாது என்று பெரியோர் தடுப்பதும், பிள்ளைகள் முகம் வாடுவதும் பல வீடுகளில் நடக்கும் செய்தி. ஆசிரியராகிய நம்மிடமும் இவ்வழக்கு வருகிறது. ஆதலின் அதனை அறிவொடு நோக்குதல் நன்று.

கோத்தியர் என்போர் பண்டை ஐரோப்பாவில் உரோமப் பேரரசை எதிர்த்த இனத்தார். இடைக்காலத்துக் கூர்முனை வளைவுக் கட்டடங்களைப் பிற்கால இத்தாலியர் இகழ்ந்துரைக்க அவ்வினத்தின் பெயரைப் பயன்படுத்தினர். கோலாலம்பூரில் மெர்டேக்கா சதுக்கத்தை அடுத்துள்ள தூய மேரி தேவாலயம் அப்பாணியில் அமைந்ததே. 1764இல் ஓரேசு வால்போல் என்னும் ஆங்கிலேயர் பாழ்பட்ட கோட்டையும் ஆவியும் நிறைந்த புதினம் ஒன்றை வெளியிட்டு, அடுத்த ஆண்டுப் பதிப்பில் அதனைக் 'கோத்திக் கதை' என்று அழைத்தார். அன்று முதல் அச்சொல் இருளையும் துயரையும் குறிக்கலாயிற்று. 1970களின் இறுதியில் இங்கிலாந்தில் எழுந்த ஓர் இசைப் போக்கு அச்சொல்லையும் கறுப்புடையையும் ஏற்றுக்கொண்டது. ஆகவே இது சமயமன்று, சூனியமுமன்று, இசையோடும் இலக்கியச் சுவையோடும் பிறந்த உடைப் பாங்கு. 2001ஆம் ஆண்டிலும் 2005ஆம் ஆண்டின் இறுதி இரவிலும் நம் நாட்டில் 'பிளேக் மெட்டல்' என்னும் வேறோர் இசையைப் பற்றி எழுந்த அச்சத்தால், கறுப்புச் சட்டை அணிந்த இளைஞர் பலர் ஐயத்துக்கும் சோதனைக்கும் ஆளாயினர். சட்டையின் நிறத்தைக் கொண்டு ஒரு பிள்ளையின் ஒழுக்கத்தை எடைபோடும் பழக்கம் ஆசிரியர் சிலரிடம் அதற்குப் பின்னும் மறையவில்லை என்பதை வருத்தத்தோடு குறிக்கவேண்டியுள்ளது.

நிற்க. தமிழர்க்குக் கறுப்பு ஆகாத நிறமா? தொல்காப்பியர் உரியியலில் கறுப்பு, சிவப்பு என்னும் இரு சொற்களும் வெகுளியை உணர்த்தும் என்றும், நிறத்தை உணர்த்துதற்கும் உரியன என்றும் கூறுகிறார். சிவப்பும் சினத்தின் சொல்லாக இருந்தும் மணப்பெண்ணுக்குச் சிவப்பை உடுத்துகிறோம்! கறுப்பை மட்டும் ஒதுக்குவது இடையில் வந்த வழக்கமாதல் வேண்டும் என்பது என் கருத்து. அதுவும் முழு ஒதுக்கமன்று. பிராமணக் குடும்பங்களில் வளைகாப்பன்று கருவுற்ற பெண்ணுக்கு 'மசக்கைக் கறுப்பு' என்னும் கறுப்புப் புடைவையே உடுத்துவர். குழந்தையின் கன்னத்தில் கரும்பொட்டு வைக்கிறோம். ஐயப்ப அடியார் கறுப்பு உடுத்து விரதம் காக்கின்றனர். 1946இல் மதுரையில் மாநாடு கூட்டிய கருஞ்சட்டைப் படையினர்க்கு அதுவே கொள்கையின் அடையாளம். ஒரே நிறம், அணிபவர் கருத்துக்கேற்ப வெவ்வேறு பொருள் தருகிறது.

இனி வண்ணச் சேர்க்கைக்கு வருவோம். திருமாலை மாயோன், அதாவது கரியவன், என்றனர் முன்னோர். அவனுக்கு அளித்த ஆடையோ பீதாம்பரம். பீதம் என்றால் மஞ்சள். கரிய மேனிக்கு மஞ்சளைத் தேர்ந்தது வெறுங் கற்பனையன்று. கண்ணின் இயல்பை அறிந்த தேர்வு. அவ்வியல்பு அறிவியல் முறையில் விளங்கியது 19ஆம் நூற்றாண்டில்தான். பாரிசு நகரத்துக் கோபெலின் அரசு நெசவுக்கூடத்தில் 1824இல் சாயப் பிரிவின் தலைவராக அமர்ந்தவர் மிசேல் செவ்ரல் என்னும் வேதியியலறிஞர். நீலமும் ஊதாவுமான துணிகளில் நிழல் காட்டச் சேர்க்கும் கறுப்பு நூல் வலுவின்றி வெளுத்துத் தோன்றுகிறது என்று அவரிடம் முறையீடு வந்தது. அவர் நூலை ஆராய்ந்தார், சாயத்தில் குறையில்லை. குறை அண்டை நிறத்தில் இருந்தது! ஒரு நிறத்தை நோக்கும் கண், அதன் எதிர்நிறத்தைப் பக்கத்திலுள்ளதன்மேல் ஏற்றிப் பார்க்கிறது. நீலத்தின் எதிர்நிறம் ஆரஞ்சு. ஊதாவின் எதிர்நிறம் மஞ்சள். அவை கறுப்பின்மேல் படியவே, கறுப்பு துருப்பிடித்தாற்போல் மங்கிற்று. 1839இல் அவர் வெளியிட்ட நூல் இவ்விதியை விரிவாக விளக்குகிறது. அந்நூலைப் பின்னர் ஓவியர்கள் ஆர்வத்தோடு பயின்றனர். செவ்ரல் 1889 வரை, நூறாண்டு கடந்து வாழ்ந்தவர்.

இவ்விதியைத் திருப்பிப் பார்த்தால் நமக்கு வேண்டிய விடை கிடைக்கும். மஞ்சளின் அருகில் கறுப்பை வைத்தால் கண் அதன்மேல் ஊதா கலந்த நீலச் சாயலை ஏற்றும். கறுப்பு மேலும் ஆழ்ந்து மினுங்கும். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையில் கடுகு மஞ்சளும் அரக்கும் கறுப்பும் கட்டங்களாக ஓடுவதைக் கண்டோர்க்கு இது எளிதில் விளங்கும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அச்சேலையை நெய்தவர்கள் செவ்ரலைப் படித்தவர்களல்லர்.

ஆயின் மேனாட்டு வசந்தத்தின் வண்ணங்களில் முதன்மையானது நம் கத்தரிப்பூ நிறமாயிற்றே; அதனை என் செய்வது? அங்கும் ஒரு வரலாறு உண்டு. 1861இல் கணவரை இழந்த விக்டோரியா அரசி 1901இல் மறையும்வரை கறுப்பையே உடுத்தார். அக்காலத்து ஆங்கில மாதர் துக்கக் காலத்தின் பிற்பகுதியில் கறுப்பிலிருந்து சாம்பல், கத்தரிப்பூ, இள ஊதா என்று படிப்படியாக வண்ணத்திற்குத் திரும்புவர். அப்படியில் சாம்பல் நிறம் முதலில் நின்றது கவனிக்கத்தக்கது. கறுப்பை ஒட்டி இள ஊதாவை நேரே வைக்காமல், இடையில் சாம்பலையோ வெள்ளையையோ ஒரு கோடாக விட்டால் கறுப்பு மங்குவது குறையும்.

காஞ்சிபுரத்து நெசவாளர் இவ்விடர்ப்பாட்டை வேறு வகையிலும் தீர்த்துள்ளனர். கோர்வை என்னும் முறையில் உடலுக்கும் கரைக்கும் வெவ்வேறு ஊடை. மூன்று நாடா ஓடும். தறியில் நெசவாளரோடு துணையாள் ஒருவரும் இருப்பார். உடலின் நிறம் கரையில் கசியாது. எல்லை கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். வண்ணம் தனித்து ஒளிரவேண்டுமானால் இம்முறை ஏற்றது. வண்ணம் கறுப்புக்குள் கரைந்து நிற்கவேண்டுமானால், பாவு ஒரு நிறம், ஊடை மற்றொரு நிறம் என்று நெய்யலாம். மயில்கழுத்து இவ்வாறு பிறந்த நிறமே. கறுப்புப் பாவில் வெங்காயத்தோல் நிற ஊடையை ஓட்டிப் பாருங்கள். அசையும்போது மட்டும் சிவப்பு தெரியும். கோத்திக் உடைக்கு இதனினும் இசைந்த இளவேனிலை நான் அறியேன்.

அமெரிக்க நிறுவனமாகிய பேன்டோன் ஆண்டு நிறம் என்று ஒன்றை அறிவிக்கிறது. 2000இல் வான்நீலம், 2021இல் சாம்பலும் மஞ்சளும் இணைந்து, 2024இல் பீச்சுப் பழத்தின் வெளிர் நிறம் என அது அமைந்தது. 2021இன் இணை கறுப்புடையாளருக்குக் கிடைத்த வரம். பீச்சு நிறமோ நம்மவரின் மாநிறத்தோடு ஏறக்குறைய ஒன்றிவிடுவதால், முகத்தருகே எடுபடாது. பாவாடைக் கரையிலோ கைப்பையிலோ அமையட்டும். பெயர் புதிதேயன்றி நிறம் புதிதன்று. கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்சிலும் துணிக்கடைக்காரரிடம் மாந்தளிர், வாடாமல்லி, கிளிப்பச்சை, எலுமிச்சை மஞ்சள் என்று கேட்டால், அவர் அட்டவணை பாராமலே எடுத்துப் போடுவார். இப்பெயர்களை மாணவர் அறியாமல் போவதுதான் எனக்கு உடையைவிடப் பெருங் கவலை.

வெயில் நாட்டில் கறுப்பு ஆகாது என்பாரும் உளர். பாலைவனத்துப் பெதுயின் மக்களின் கறுப்பு அங்கியை ஆராய்ந்த அறிஞர், தொளதொளப்பான கறுப்பு அங்கிக்குள்ளும் வெள்ளை அங்கிக்குள்ளும் தோலை அடையும் வெப்பம் ஒன்றே என்று 1980இல் 'நேச்சர்' இதழில் எழுதினர். உடலை இறுக்கும் கறுப்புக்கு இது பொருந்தாது. நம் ஈரக்காற்றில் தளர்ந்த பருத்தியே தக்கது.

வகுப்பில் இதனைக் காட்ட விரும்பும் ஆசிரியர்க்குச் செலவில்லாத முறை ஒன்றுண்டு. ஒரே கறுப்புத் துணியிலிருந்து உள்ளங்கையளவு இரு துண்டுகளை வெட்டுக. ஒன்றை எலுமிச்சை மஞ்சள் தாளின்மேலும், மற்றொன்றைக் கத்தரிப்பூ நிறத் தாளின்மேலும் வைத்துச் சன்னலருகே பகல் வெளிச்சத்தில் காட்டுக. எது நல்ல கறுப்பு என்று கேட்டால் பிள்ளைகளுட் பலர் மஞ்சளின்மேல் உள்ளதையே சுட்டுவர். மற்றது பழந்துணி என்பாரும் இருப்பர். பின்னர் இரண்டையும் எடுத்து வெள்ளைத் தாளின்மேல் ஒன்றையொன்று தொட வைத்து, முன்பு சுட்டிய துண்டு எது என்று கேட்கலாம்.