120 நாள் 60 நாளானதும் ரயில்வே கம்ப்யூட்டரில் இடம் மிச்சமானதா? டேட்டாபேஸுக்கு டிஸ்க் கணக்கு போடுவது எப்படி?

தேனி, போடி, கம்பம் பக்கமிருந்து பஸ் ஏறி ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடித்து மதுரை ஜங்ஷனுக்குப் போய் சென்னை ரயிலைப் பிடிப்பவர்கள் ஏராளம். தீபாவளி, பொங்கல் வந்தால் இவர்களுக்கு முதல் கேள்வியே "புக்கிங் எப்போ ஓப்பன் ஆகுது?" என்பதுதான். 2024 நவம்பர் 1-ம் தேதிக்கு முன்புவரை பதில், பயணத் தேதிக்கு 120 நாள் முன்னால். இப்போது 60 நாள்.

ரயில்வே சொன்ன காரணம் எளிமையானது. 61 முதல் 120 நாள் வரை முன்கூட்டியே போடப்படும் டிக்கெட்டுகளில் சுமார் 21 சதவீதம் கேன்சல் ஆகிறது, 4 முதல் 5 சதவீதம் பேர் டிக்கெட்டை வைத்துக்கொண்டே பயணத்துக்கு வருவதில்லை. கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் பெரிய டேட்டாபேஸ் ஒன்றுக்கு எவ்வளவு டிஸ்க் வாங்க வேண்டும் என்ற கணக்கைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். விற்பனைக்குத் திறந்திருக்கும் நாட்கள் பாதியாகிவிட்டன. டிஸ்க்கில் பிடிக்கும் இடமும் பாதியாகிவிடுமா?

மதுரை டிக்கெட்டின் கணக்கு எங்கே இருக்கிறது?

பிஆர்எஸ் எனப்படும் பயணிகள் முன்பதிவு அமைப்பு 1980களின் நடுவில் டெல்லியில் தொடங்கியது. சிஎம்சி நிறுவனம் எழுதிக் கொடுத்த மென்பொருள், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் 'வாக்ஸ்' கம்ப்யூட்டர். 1986-ல் ரயில்வேயின் தகவல் தொழில்நுட்ப அமைப்பான 'கிரிஸ்' உருவானது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என 5 மையங்கள். ஒவ்வொன்றும் தன் பகுதி ரயில்களின் இருக்கைக் கணக்கைத் தன்னிடமே வைத்திருக்கிறது. தெற்கு ரயில்வேக்கு உட்பட்ட மதுரை ரயில்களுக்குச் சென்னை மையம். 1999-ல் 'கான்செர்ட்' என்ற மென்பொருள் வந்து இந்த 5 தீவுகளையும் இணைத்த பிறகுதான், எந்த ஊர் கவுன்டரிலிருந்தும் எந்த ஊர் ரயிலுக்கும் டிக்கெட் போடுவது சாத்தியமானது.

ஐபிஎம் இயந்திரத்தோடு வாழ்ந்தவர்கள் 'வாக்ஸ்' வகையை மெயின்ஃப்ரேம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வந்து மோதும் ஒற்றைப் பெரிய டேட்டாபேஸ் என்ற வகையில் வேலை ஒன்றுதான், டிஸ்க் கணக்கின் தர்க்கமும் ஒன்றுதான். கணக்கு போட்டுப் பார்ப்பதற்கு ஐபிஎம் அளவுகளே வசதி. தமிழ்நாட்டு ஐடி நிறுவனங்களில் வெளிநாட்டு வங்கிகளின் மெயின்ஃப்ரேமைப் பார்த்துக்கொள்பவர்கள் இன்றும் தினமும் புழங்குவது அதைத்தான்.

இல்லாத டிஸ்க்கின் அளவு

மெயின்ஃப்ரேமில் டிஸ்க் இடத்தை ஜிபியில் கேட்க மாட்டார்கள். டிராக், சிலிண்டர் என்று கேட்பார்கள். சுழலும் தட்டில் ஒரு வட்டம் டிராக். ஐபிஎம் 3390 என்ற டிஸ்க்கில் ஒரு டிராக்கில் அதிகபட்சம் 56,664 பைட். 15 டிராக் சேர்ந்தால் ஒரு சிலிண்டர். 3390-ன் மூன்றாவது மாடலில் 3,339 சிலிண்டர்கள், அதாவது சுமார் 2.8 ஜிபி. இன்றைக்கு ஒரு சினிமா ஃபைல்கூட அதைவிடப் பெரிதாக இருக்கும்.

அந்த டிஸ்க் எல்லாம் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. இப்போதிருக்கும் சேமிப்புப் பெட்டிகள் உள்ளே வேறு தொழில்நுட்பத்தில் ஓடினாலும், வெளியே தங்களை 3390 என்றே காட்டிக்கொள்கின்றன. வீட்டில் படி என்ற பாத்திரமே இல்லாதபோதும் "ரெண்டு படி அரிசி" என்று பேசுகிறோமே, அந்த மாதிரி.

இந்த அளவில் ஒரு பொறி இருக்கிறது. 56,664 பைட் என்பது டிராக் முழுவதையும் ஒரே கட்டாக எழுதினால் கிடைப்பது. டேட்டாபேஸ் அப்படி எழுதாது. 'டிபி2' போன்ற டேட்டாபேஸ்கள் பெரும்பாலும் 4 கேபி பக்கங்களாக எழுதுகின்றன. ஒரு டிராக்கில் 12 பக்கம், ஒரு சிலிண்டரில் 180 பக்கம், மொத்தம் 720 கேபி. மீதி சுமார் 13 சதவீதம் பக்கங்களுக்கு நடுவிலான இடைவெளிகளில் போய்விடுகிறது. வாங்கிய இடம் வேறு, வைக்க முடிந்த சரக்கு வேறு!

ஒரு ரயிலுக்கு எத்தனை சிலிண்டர்?

இனி வரும் எண்கள் ரயில்வேயின் உள்கணக்கு அல்ல. கணக்கு எப்படி நடக்கிறது என்று காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை.

மதுரையிலிருந்து தினமும் கிளம்பும் ஒரு ரயிலில் 1,000 படுக்கைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நாளைக்கும் ஒவ்வொரு படுக்கைக்கும் டேட்டாபேஸில் ஒரு வரி. வரியின் நீளம் 50 பைட். 'டிபி2' ஒவ்வொரு வரிக்கும் தன் பங்காக இன்னும் 8 பைட் எடுத்துக்கொள்ளும். ஆக 58.

4 கேபி பக்கம் என்றாலும் அதன் சொந்தச் செலவு போக வரிகளுக்குக் கிடைப்பது 4,074 பைட்தான். அதிலும் 10 சதவீதத்தைக் காலியாக விடச் சொல்கிறோம். ஏன்? ஆரப்பாளையத்திலேயே எல்லா சீட்டையும் நிரப்பிக்கொண்டு கிளம்பும் தேனி பஸ்ஸில் செக்கானூரணியில் ஏறுபவர் நிற்கத்தான் வேண்டும். அதேபோல் பக்கம் முழுக்க நிரம்பியிருந்தால், நடுவில் வரும் புதிய வரி வேறெங்கோ ஒரு மூலையில் போய் உட்காரும். பிறகு அதைத் தேட நேரமாகும்.

10 சதவீதம் போனால் 3,666 பைட். 58 பைட்டால் வகுத்தால் பக்கத்துக்கு 63 வரி, சிலிண்டருக்கு 11,340 வரி. 120 நாளுக்கு 1,20,000 வரி, அதாவது 11 சிலிண்டர். 60 நாளுக்கு 6 சிலிண்டர். இப்படி 3,000 ரயில்கள் என்றால், 24 ஜிபியாக இருந்தது 13 ஜிபியாகிறது. இருக்கைப் பட்டியலைப் பொறுத்தவரை ஏறக்குறையப் பாதிதான்.

ஆனால் டிக்கெட் பாதியாகவில்லையே!

கணக்கு பிசகும் இடம் இதுதான். ஊருக்குப் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். 120 நாளுக்கு முன் போட்டவர் இப்போது 60 நாளுக்கு முன் போடுகிறார், அவ்வளவே. அவருடைய பிஎன்ஆர் பதிவு அப்படியேதான் உருவாகிறது.

டிஸ்க்கில் ஒரு நேரத்தில் எத்தனை பதிவு இருக்கும் என்பதற்கு ஒரே பெருக்கல் போதும். நாளொன்றுக்கு எத்தனை வருகிறது, வந்தது எத்தனை நாள் தங்குகிறது. பஸ் ஸ்டாண்டுக்கும் இதே கணக்குதான். மணிக்கு எத்தனை பஸ் வருகிறது என்பதோடு, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும் தெரிந்தால்தான் எத்தனை நிறுத்துமிடம் வேண்டும் என்று சொல்ல முடியும்.

நாளொன்றுக்கு 10 லட்சம் பிஎன்ஆர். பழைய முறையில் ஒரு டிக்கெட் பயணத்துக்காகச் சராசரியாக 40 நாள் காத்திருந்தது, புதிய முறையில் 25 நாள் என்று வைப்போம். பயணம் முடிந்த பிறகும் ரீஃபண்ட், புகார், கணக்குச் சரிபார்ப்பு என்று 90 நாள் வைத்திருக்க வேண்டும். முன்பு 130 நாள் தங்கியது இப்போது 115 நாள் தங்குகிறது. 13 கோடி பதிவுகள் 11.5 கோடியாகக் குறைகின்றன. பதிவுக்கு 1 கேபி என்றால் 130 ஜிபி, 115 ஜிபி.

இருக்கைப் பட்டியலையும் சேர்த்துக் கூட்டினால் 154 ஜிபி, 128 ஜிபி ஆகிறது. நாட்களைப் பாதியாக்கியும் மிச்சம் ஆறில் ஒரு பங்குதான். இடத்தை உண்மையில் தின்பது அந்தப் பயணத்துக்குப் பிந்தைய 90 நாள். டிஸ்க் வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு டேட்டா வரும்?" என்பதல்ல, "எப்போது அழிக்கலாம்?" என்பதுதான். பல அலுவலகங்களில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதே தெளிவாக இருப்பதில்லை.

154 கேட்டால் 1,560 வாங்குவது ஏன்?

பழைய முறையின் 154 ஜிபியையே எடுத்துக்கொள்வோம். அதை வைக்க எவ்வளவு டிஸ்க் வேண்டும்?

தேடுவதற்கு இண்டெக்ஸ் வேண்டும். டேட்டாவில் பாதி என்று வைத்தால் இன்னொரு 77. மொத்தம் 231. அடுத்து வளர்ச்சி. மதுரை வழியாகவே சில ஆண்டுகளில் எத்தனை புதிய ரயில்கள்! 2023-ல் போடி–சென்னை ரயில், அதே ஆண்டில் திருநெல்வேலி வந்தே பாரத், 2024-ல் மதுரை–பெங்களூரு வந்தே பாரத். 8 பெட்டியோடு தொடங்கிய திருநெல்வேலி வந்தே பாரத்துக்குப் பிறகு பெட்டிகள் கூட்டப்பட்டன. பழைய ஸ்லீப்பர் பெட்டியில் 72 படுக்கை, அதற்குப் பதிலாக வரும் எல்ஹெச்பி பெட்டியில் 80. ரயில் அதேதான், வரி கூடிவிட்டது. ஆண்டுக்கு 20 சதவீத வளர்ச்சி, 3 ஆண்டுக்கு வாங்குகிறோம் என்றால் 231 ஏறக்குறைய 399 ஆகும்.

அடுத்தது யாரும் யோசிக்காத செலவு. சிதறிப்போன பக்கங்களை அவ்வப்போது ஒழுங்குபடுத்த வேண்டும். கவுன்டரை மூடாமல் இதைச் செய்ய வேண்டுமானால், பெரிய டேபிளுக்குப் பக்கத்திலேயே அதே அளவில் இன்னொரு நகல் எழுதி, கடைசியில் மாற்றிக்கொள்வார்கள். வீட்டை வெள்ளையடிக்கும்போது சாமானை வைக்க இன்னொரு அறை வேண்டுமல்லவா? 3 ஆண்டு வளர்ந்த பிஎன்ஆர் டேபிளுக்கு அது 225 ஜிபி. மொத்தம் 624.

அந்த 624-ம் டிஸ்க்கில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்தால் 780. ஒரு டிஸ்க் போனாலும் வேலை நிற்காமலிருக்க எல்லாவற்றையும் இரண்டாக எழுதினால் 1,560. இன்னும் லாக், பேக்கப், வேறு ஊரில் இருக்க வேண்டிய பேரிடர் கால நகல் எதுவும் சேரவில்லை. 154-க்குப் பத்து மடங்கு கேட்டு வரும் கோப்பைப் பார்த்து நிதிப் பிரிவு அதிகாரி முறைப்பது இயல்பு. ஆனால் இதில் எந்த வரியை அடித்தாலும், எந்த நாளில் எது நிற்கும் என்பதையும் சேர்த்தே கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

நின்றால் என்ன ஆகும்? மெயின்ஃப்ரேமில் வேலை பார்த்த யாரிடமாவது 'பி37' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். எழுத இடமில்லாமல் நடுவழியில் புரோகிராம் விழுந்ததற்கான குறி அது. இரவு 2 மணிக்கு ஃபோன் அடிப்பது பெரும்பாலும் இந்த மாதிரி விஷயத்துக்குத்தான். டேட்டாபேஸ் லாக் எழுதும் டிஸ்க்கே நிரம்பினால் இன்னும் மோசம். லாக்கில் எழுதாமல் எந்த மாற்றத்தையும் அனுமதிக்கக் கூடாது என்பது டேட்டாபேஸின் அடிப்படை விதி. சீட் காலியாக இருக்கும், ஆனால் விற்க முடியாது.

இடம் இருந்தும் போதாத நேரம்

2025 மே 22 அன்று ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவாயின. வினாடிக்கு 530. ஒரு டிக்கெட்டுக்கு 20 முறை டிஸ்க்கைத் தொட வேண்டும் என்று வைத்தால், வினாடிக்குப் 10,600 தொடுதல். சுழலும் டிஸ்க் ஒன்றால் அங்கங்கே தேடிப் படிக்கும் வேலையை வினாடிக்கு 150 முறை செய்ய முடியும் என்றால் 71 டிஸ்க் வேண்டும். அவற்றில் பாதி காலியாகக் கிடந்தாலும் பரவாயில்லை, 71 வேண்டும். சுழலும் டிஸ்க் காலத்தில் பெரிய நிறுவனங்கள் கொள்ளளவுக்காக அல்ல, கைகளுக்காகவே டிஸ்க் வாங்கின. இன்று சுழலாத எஸ்எஸ்டி வந்தபின் இந்த நெருக்கடி வெகுவாகக் குறைந்துவிட்டது. அடிக்கடி கேட்கப்படுவதை மெமரியிலேயே வைத்துக்கொள்ளும் வழியும் இருக்கிறது.

பிஆர்எஸ் அமைப்பை மேம்படுத்தும் திட்டத்தை ரயில்வே 2025-ல் அறிவித்தபோது சொன்ன எண்களும் இந்த வகைதான். நிமிடத்துக்கு 32,000 டிக்கெட் என்ற திறனை 1.5 லட்சத்துக்கு மேல் கொண்டுபோவது, 4 லட்சம் விசாரணைகளை 40 லட்சமாக்குவது. டிக்கெட்டைவிட விசாரணை பல மடங்கு என்பதைக் கவனிக்க வேண்டும். "டபிள்யூஎல் 14 நகர்ந்துச்சா?" என்று நாளுக்குப் பத்து தடவை பார்ப்பது எல்லாம் இதில் சேர்த்திதான்.

பழைய பிஎன்ஆர் எங்கே போனது?

பயணம் முடிந்து நாளான ஒரு பிஎன்ஆரை ரயில்வே தளத்தில் போட்டுப் பார்த்தவர்களுக்கு 'ஃப்ளஷ்டு பிஎன்ஆர்' என்ற செய்தி பழக்கமாக இருக்கும். கழிவறை ஞாபகம் வந்தாலும், அர்த்தம் இதுதான்: அன்றாடப் பயன்பாட்டு டேட்டாபேஸிலிருந்து அந்தப் பதிவு வெளியேற்றப்பட்டுவிட்டது. அதே செய்தியில் 'அல்லது இன்னும் உருவாகாத பிஎன்ஆர்' என்றும் வரும். காரணம், பழையதும் இல்லை, வராததும் இல்லை என்றால் கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்றே. மேலும் பிஎன்ஆர் 10 இலக்க எண். முதல் 3 இலக்கம் முன்பதிவு மையத்தைக் குறிக்க, மிச்சம் 7 இலக்கத்தில் 1 கோடி எண்கள்தான் கிடைக்கும். எண் தீர்ந்தால் பழையதை மறுபடி எடுக்க வேண்டும், அதற்கு முன் பழைய பதிவு நகர்ந்தாக வேண்டும்.

ஆகவே அலுவலகத்தில் எல்டிசி கேட்பவர்கள், நுகர்வோர் மன்றத்துக்குப் போக நினைப்பவர்கள், ரீஃபண்ட் பாக்கி உள்ளவர்கள் டிக்கெட்டின் பிடிஎஃபையோ ஸ்க்ரீன்ஷாட்டையோ பயணம் முடியும் முன்பே தங்கள் ஃபோனில் சேமித்து வைத்துக்கொள்வது நல்லது.