சட்டமன்றம் பேசுமுன் வரி மாறலாமா?

2021 செப்டம்பர் 17 அன்று லக்னோவில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், ஜவுளித் துறையின் வரி முரண்பாட்டைக் களைய முடிவெடுத்தது. செயற்கை இழைக்கு 18%, அதன் நூலுக்கு 12%, துணிக்கு 5% என மூலப்பொருளின் வரி, விளைபொருளின் வரியைவிட அதிகமாக இருந்ததே முரண்பாடு. ஆனால், நவம்பரில் வெளியான அறிவிக்கை, ரூ.1,000 வரையிலான ஆடைகளின் வரியையும் 5 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாக்கியது. பருத்தி நூலுக்கு 5% வரியே இருந்தது. உள்நாட்டுச் சந்தைக்குப் பருத்திப் பனியன் தைக்கும் திருப்பூரின் சிறு நிறுவனங்களுக்கு அந்த முரண்பாடே கிடையாது. எதிர்ப்பு வலுத்தது. உயர்வு நடைமுறைக்கு வர ஒரு நாளே இருக்கையில், டிசம்பர் 31 அன்று அவசரமாகக் கூடிய கவுன்சில் ஆடை, துணிக்கான உயர்வை நிறுத்திவைத்தது.

ஒரு தொழில் நகரையே பாதிக்கவிருந்த இந்த உயர்வுக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதலோ சட்டமன்றத்தின் ஒப்புதலோ முன்கூட்டியே தேவைப்படவில்லை. கவுன்சில் பரிந்துரைக்கும், அரசுகள் அறிவிக்கை வெளியிடும், அது பின்னர் அவைகளில் வைக்கப்படும். சட்டம் வகுத்த வழி இதுதான்.

கவுன்சிலின் வாக்கு முறையை அரசமைப்புச் சட்டத்தின் 279ஏ பிரிவு வரையறுக்கிறது. ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரு பங்கு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். மாநிலங்கள் அனைத்தும் ஒன்றுகூடினாலும் ஒன்றிய அரசை மீறி முடிவெடுக்க முடியாது. சட்டமன்றம் கொண்ட ஒன்றியப் பகுதிகள் உட்பட 31 உறுப்பினர்களும் வாக்களித்தால், ஒன்றிய அரசுக்கு 20 பேரின் ஆதரவு போதும். அதைத் தடுக்க 12 பேர் இணைய வேண்டும். தமிழ்நாட்டுக்கும் கோவாவுக்கும் ஒரே மதிப்புதான். 2021 மே மாதக் கூட்டத்தில் அன்றைய தமிழக நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் இந்தச் சம வாக்கு முறையைக் கேள்விக்குள்ளாக்கினார். அதை மாற்ற அரசமைப்புத் திருத்தம் தேவை. அது அண்மையில் நிகழும் என்று நான் கருதவில்லை.

மோஹித் மினரல்ஸ் வழக்கில் 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம், கவுன்சிலின் பரிந்துரைகள் நாடாளுமன்றத்தையோ சட்டமன்றங்களையோ கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. உரிமை இருக்கிறது; ஆனால், பயன்படுத்துவது கடினம். ஒரு மாநிலம் மட்டும் தனி விகிதம் வகுத்தால், நூல் கொள்முதல் முதல் ஆடை விற்பனை வரை தொடரும் உள்ளீட்டு வரி வரவில் குழப்பமே மிஞ்சும். ஆகவே, சட்டமன்றத்தின் குரல் கூட்டத்துக்குப் பின்னர் அல்ல, முன்னரே ஒலிக்க வேண்டும்.

இதற்கு டென்மார்க்கில் முன்னுதாரணம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைச்சர்கள் மன்றத்துக்குச் செல்லுமுன், முக்கிய விவகாரங்களில் டென்மார்க் அமைச்சர் தம் நாடாளுமன்றத்தின் ஐரோப்பிய விவகாரக் குழுவிடம் நிலைப்பாட்டை விளக்குவார். குழுவின் பெரும்பான்மை அதை எதிர்க்காவிட்டால் மட்டுமே அந்நிலைப்பாட்டுடன் பேச்சுவார்த்தைக்குச் செல்வார். பொது அமைப்பில் முடிவெடுக்கும் அதிகாரத்தைப் பகிர்ந்துகொண்ட பிறகும், தம் அமைச்சரிடம் கணக்குக் கேட்கும் உரிமையை அந்த நாடாளுமன்றம் கைவிடவில்லை.

தமிழ்நாடு சட்டமன்றமும் இத்தகைய குழுவை அமைக்கலாம் என்பது என் கருத்து. அதற்கு அரசமைப்புத் திருத்தம் வேண்டியதில்லை. நிகழ்ச்சி நிரல் வந்ததும் குழு கூடி, தொழில் அமைப்புகளையும் தொழிலாளர் சங்கங்களையும் கேட்கட்டும். கூட்டம் முடிந்ததும் அமைச்சர் அறிக்கை அளிக்கட்டும்.

2025 செப்டம்பர் 3 அன்று கூடிய கவுன்சில், செயற்கை இழைக்கும் நூலுக்கும் வரியை 5 சதவீதமாகக் குறைத்தது, ரூ.2,500 வரையிலான ஆடைகளுக்கும் 5% என்றது. அதற்கு மேற்பட்டவற்றின் வரியை 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்த்தியது. பத்தொன்பதே நாட்களில் அது நடைமுறைக்கும் வந்தது. திருப்பூருக்கு இம்முறை பெரும்பாலும் நன்மையே. ஆனால், முடிவு வந்த வழி 2021-இல் வந்த அதே வழிதான். நல்ல முடிவு கிடைத்திருக்கும் இவ்வேளையே, அந்த வழியைச் சீர்செய்ய ஏற்ற தருணம்.