கோல் மார்க்கெட்டுக்குக் கவுன்சிலர் யார்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக 2025 டிசம்பர் 31-க்குப் பிறகு மாவட்ட, தாலுகா எல்லைகளில் யாரும் கை வைக்கக் கூடாது. 2027 மார்ச் முடியும்வரை இந்தத் தடை. கெடு முடிவதற்குள் டெல்லி அரசு 11 மாவட்டங்களை 13 ஆக்கிவிட்டது. ஷாஹ்தரா மாவட்டம் போய், பழைய டெல்லி உட்பட மூன்று புதிதாக வந்திருக்கின்றன. மாவட்ட எல்லையும் உள்ளாட்சி எல்லையும் இனி ஒன்றாகிவிடும், மக்கள் அலைய வேண்டாம் என்கிறது அரசு. கோல் மார்க்கெட் வாசகர்களின் கடிதங்களைப் பார்த்தால் அலைச்சல் எல்லையால் வந்ததாகத் தெரியவில்லை. குப்பைக்கும் குடிநீருக்கும் எந்தக் கவுன்சிலரைப் பார்ப்பது என்றுதான் பலரும் கேட்கிறார்கள்.

யாரையும் பார்க்க முடியாது. அப்படி ஒருவர் இல்லை.

பக்கத்துப் பஹாட்கஞ்ச்காரர் 2022-இல் டெல்லி மாநகராட்சிக்கு வாக்களித்தார். அங்கே 250 வார்டுகள். கோல் மார்க்கெட் இருப்பதோ புது டெல்லி நகராட்சி மன்றத்தின் கீழ். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி இதற்கு வார்டும் இல்லை, தேர்தலும் இல்லை. உறுப்பினர்கள் 13 பேர். தலைவர், மத்திய அரசு நியமிக்கும் அதிகாரி. முதல்வரைக் ‘கலந்தாலோசித்து’ நியமிப்பார்களாம். டெல்லியில் அந்தச் சொல்லுக்கு எவ்வளவு கனம் என்று சொல்ல வேண்டியதில்லை. தொகுதி எம்.பி.யும் எம்.எல்.ஏ.க்களும் பதவி வழியில் உள்ளே வருகிறார்கள். மற்றவர்கள் அதிகாரிகளும் நியமன உறுப்பினர்களும்.

நகராட்சி இடங்களை நேரடித் தேர்தலில் நிரப்பச் சொன்ன அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் அப்போதுதான் வந்திருந்தது. யூனியன் பிரதேசங்களுக்கு விலக்கு தரும் அதிகாரத்தையும் அதே திருத்தம் குடியரசுத் தலைவரிடம் கொடுத்து வைத்திருக்கிறது. நிலமெல்லாம் ஏறக்குறைய அரசுடையது, கட்டடங்களில் 80 விழுக்காடும் அரசுடையது என்பது தேர்தல் இல்லாததற்கு அதிகாரிகள் சொல்லும் நியாயம். 2011 கணக்கெடுப்பில் இங்கே வசித்தவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். வாடகைக் குவார்ட்டர்ஸில் இருப்பவர் வீட்டுக்கும் குழாயில் தண்ணீர் வர வேண்டாமா?

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

எங்கள் மாவட்டம் மாறிவிட்டதா? இல்லை, புது டெல்லிதான்.

ஆதாரில் முகவரி மாற்ற வேண்டுமா? வேண்டாம்.

பின்கோடு? அது தபால் துறையின் கணக்கு, 110001 அப்படியே.

காவல் நிலையம்? மந்திர் மார்க், டெல்லி அரசுக்கு அதில் அதிகாரமில்லை, மத்திய உள்துறைக்குத்தான்.

கோல் மார்க்கெட் தொகுதி என்ன ஆயிற்று? ஷீலா தீட்சித் 1998-லும் 2003-லும் வென்ற தொகுதி. 2008 மறுவரையறையில் பெயர் போய், புது டெல்லித் தொகுதி ஆனது.