செயற்கைக்கோளுக்கு வயல் தெரியும், நம்ம பேர் தெரியாது!



பாபநாசம் திருப்பாலைத்துறை கோயிலுக்குப் போனவர்கள் அங்கே நிற்கும் பெரிய நெற்களஞ்சியத்தைப் பார்த்திருப்பீர்கள். நாயக்கர் காலத்தில் கட்டியது. 3,000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். அந்தக் காலத்தில் அறுத்து அடித்து, களஞ்சியத்துக்கு வந்த பிறகுதான் நெல்லுக்குக் கணக்கு. இப்போது பயிர் வயலில் நிற்கும்போதே வானத்திலிருந்து கணக்கெடுக்கிறார்கள். நமக்கு வரவேண்டிய பயிர்க் காப்பீட்டுப் பணத்துக்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தம் உண்டு. அதைத்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம்.

மேகத்தைத் தாண்டி எப்படித் தெரியும்?

"சம்பா நேரத்துல எப்பப் பார்த்தாலும் மேகம்தானே, மேலேருந்து என்ன தெரியும்?" என்று நம் கூட்டத்தில் ஒரு சகோதரி கேட்டார். நல்ல கேள்வி. சாதாரண கேமரா மேகத்தைத் தாண்டிப் பார்க்காது. ராடார் பார்க்கும். அது ரேடியோ அலையைக் கீழே அனுப்பி, எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளக்கிறது. இரவு, மேகம் எதுவும் அதற்குத் தடை இல்லை.

சேறடித்துத் தண்ணீர் கட்டிய வயல் கண்ணாடி மாதிரி. பட்ட அலை வேறு பக்கம் தெறித்துப் போய்விடும். படத்தில் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். நட்ட நாற்று பச்சை பிடித்து, தூர் கட்டி வளர வளர, திரும்பி வரும் அலை கூடும், கறுப்பு வெளுத்துக்கொண்டே வரும். இப்படிக் கறுத்துப் பிறகு வெளுத்தால் அங்கே நெல் நட்டிருக்கிறது என்று அர்த்தம். எந்த வாக்கில் நடவு நடந்தது என்பதும் தெரிந்துவிடும். பருவம் முழுக்க மாறாமல் கிடந்தால் அது தரிசு.

2016-ல் நடந்தது

2016-ஆம் ஆண்டை நாம் மறந்திருக்க மாட்டோம். ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை செப்டம்பர் 20-ல்தான் திறந்தது. வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று தமிழக அரசு அறிவித்தது.

அந்தச் சம்பாவில்தான் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் நம் பக்கம் புதிதாக வந்திருந்தது. அதில் ஒரு விதி உண்டு. ஒரு கிராமத்தில் முக்கால் பங்குக்கு மேல் விதைக்க முடியாமல் போனால், காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் கிடைக்கும். அத்துடன் அந்தப் பருவத்துக் காப்பீடு முடிந்துவிடும். எந்தக் கிராமத்தில் எவ்வளவு விதைக்காமல் கிடக்கிறது என்று ஆளை அனுப்பி எண்ணி முடிக்கப் பல நாள் ஆகும். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் முதலியவற்றோடு சேர்ந்து, ஐரோப்பாவின் சென்டினல்-1ஏ செயற்கைக்கோள் படங்களை வைத்து நெல் வயல்களைக் கணித்து வந்தது. 12 நாளைக்கு ஒருமுறை படம் கிடைத்தது. அந்தக் கணிப்பு இந்தக் காப்பீட்டு வேலைக்குக் கை கொடுத்தது.

2023 காரீஃப் பருவம் முதல், நெல், கோதுமை மகசூலைக் கணக்கிடும்போது இதுபோன்ற தொழில்நுட்பக் கணிப்புக்கும் குறைந்தது 30 சதவீதப் பங்கு தரவேண்டும் என்று மத்திய அரசு முறை கொண்டு வந்தது. ஆகவே இது நாளைய சங்கதி இல்லை.

எதைப் பார்க்காது?

அந்தப் படத்தில் ஒரு புள்ளி 20 மீட்டருக்கு 20 மீட்டர். அதாவது ஏறக்குறைய 10 சென்ட். ஒரு மா நிலம் என்றால் மூணு புள்ளிதான். வரப்போரப் புள்ளியில் பக்கத்து வயலும் கலந்திருக்கும். அதனால் கிராமத்தை நன்றாகச் சொல்லும். உங்கள் ஒரு வயலைத் தனியாக எடுத்து, "இத்தனை மூட்டை" என்று அதை நம்பிச் சொல்ல முடியாது. பயிர் அறுவடைச் சோதனை இன்னும் நடக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நட்டவர் யார் என்று அதற்குத் தெரியாது. நாற்று பறிப்பதும் நடுவதும் களை எடுப்பதும் நாம். பட்டாவோ மாமனார் பேரில், இல்லை நிலத்துக்காரர் பேரில். ஊரே காய்ந்தது என்று வானம் சாட்சி சொன்னாலும், காப்பீட்டுப் பதிவில் பேர் இல்லாதவருக்குப் பணம் வராது. குத்தகைக்காரரும் இத்திட்டத்தில் சேரலாம். கையெழுத்துப் போட நிலத்துக்காரர் தயங்கினால் தனியாகப் போய் நிற்காதீர்கள். குழுவாகப் போய்ப் பேசுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

* சம்பாவுக்கு நம் பங்கு 1.5 சதவீதம்தான். 36,000 ரூபாய் காப்பீடு என்றால் 540 ரூபாய். கடைசித் தேதி வழக்கமாக நவம்பரில் வரும். அதற்கு முன்பே வேளாண்மை உதவி அலுவலரிடம் கேட்டுவிடுங்கள்.
* கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கும்போது, உண்மையில் என்ன பயிரோ அதையே எழுதச் சொல்லுங்கள். தரிசை நெல் என்று எழுதினால் படம் காட்டிக் கொடுத்துவிடும்.
* கூட்டுறவுச் சங்கத்திலோ பொதுச் சேவை மையத்திலோ கட்டியதும் ரசீதை அங்கேயே படித்துப் பாருங்கள். கிராமத்தின் பேர், சர்வே எண், பரப்பு, வங்கிக் கணக்கு எண் நாலும் சரியா?
* ஒவ்வொருவரின் சர்வே எண்ணையும் நடவு தேதியையும் குழுவின் நோட்டில் எழுதி வையுங்கள்.
* உங்கள் ஊரில் அறுவடைச் சோதனை எந்த வயலில், என்றைக்கு என்று கேட்டு, போய் நின்று பாருங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கு முடிந்ததும் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். யார் யார் பதிந்தாயிற்று, யார் பாக்கி என்று வரிசையாகக் கேளுங்கள். வயலை வானம் பார்த்துக்கொள்ளும். நம் பேரை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.