எண்ணெய் தொடாத கிளட்ச்

டுகாட்டி 916 நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது கிளட்ச் லிவரைப் பிடித்தால், வலப்பக்க மூடிக்குள் யாரோ சில்லறைக் காசைக் குலுக்குவதுபோல் கலகலவென்று சத்தம் கேட்கும். முதல்முறை கேட்பவர் ஏதோ போல்ட் கழன்றுவிட்டது என்றே நினைப்பார். எதுவும் கழலவில்லை. டிரை கிளட்ச் அப்படித்தான் பேசும். இந்தச் சத்தத்துக்காகவே பழைய டுகாட்டியைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு.

ஸ்பிளெண்டர், பல்சர், புல்லட் என நம் ஊரில் ஓடும் கியர் வண்டிகளில் கிளட்ச் ஆயிலில் நனைந்தபடி வேலை செய்கிறது. உராய்வுப் பொருள் ஒட்டிய பிளேட்டும் ஸ்டீல் பிளேட்டும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். ஸ்பிரிங்குகள் அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும்வரை இன்ஜினின் விசை கியர்பாக்ஸுக்குப் போகும்; லிவரை இழுத்ததும் பிடி தளர்ந்து பிளேட்டுகள் விலகிவிடும். டுகாட்டியின் டிரை கிளட்ச்சிலும் இதே அடுக்குதான். ஆனால் அது ஆயில் புகாத தனி அறையில், வெறும் காற்றில் இருக்கும்.

ஆயில் இல்லாததால் முதலில் கிடைப்பது நல்ல பிடிப்பு. ஒரே அளவு அழுத்தத்தில், நனைந்த பிளேட்டைவிடக் காய்ந்த பிளேட் ஏறத்தாழ இரண்டு மூன்று மடங்கு உறுதியாகப் பற்றும். அடுத்தது, இழுவை குறைவு. நனைந்த கிளட்ச் சுழலும்போது ஆயிலையும் சேர்த்துக் கடைந்துகொண்டிருக்கிறது. அதில் கொஞ்சம் சக்தி வீணாகும். காலையில் குளிர்ந்த வண்டியை முதல் கியரில் போடும்போது 'டக்'கென்று ஓர் உதை வருகிறதே, அது ஆயில் ஒட்டிய பிளேட்டுகள் முழுதாகப் பிரியாததால் வருவது. டிரை கிளட்ச்சில் அந்த ஒட்டல் இல்லை. கிளட்ச் தேயும் தூளும் இன்ஜின் ஆயிலில் கலப்பதில்லை.

பந்தயக்காரர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. மூடியைக் கழற்றி, ஆறு ஸ்பிரிங் போல்ட்டுகளை எடுத்தால் பிளேட்டுகள் கையோடு வந்துவிடும். ஆயிலை வடிக்க வேண்டாம், கேஸ்கட் மாற்ற வேண்டாம். இரண்டு சுற்றுப் பயிற்சிக்கு இடையில் ஸ்பிரிங்கை மாற்றிப் பார்க்கிற அணிக்கு இது பெரிய வரம். மோட்டோஜிபி வண்டிகள் டிரை கிளட்ச்சை விடாமல் வைத்திருப்பதில் வியப்பில்லை.

இனி விலை. நனைந்த கிளட்ச்சில் ஆயில் மெத்தையாகவும் இருந்து சூட்டையும் சுமந்து போகிறது. டிரை கிளட்ச்சில் இரண்டும் இல்லை. பிளேட்டின் விளிம்பிலுள்ள பற்கள், ஹவுசிங்கின் பள்ளங்களில் சிறு இடைவெளியோடு உட்கார்ந்திருக்கும். இன்ஜினின் ஒவ்வொரு துடிப்புக்கும் பல் போய்ப் பள்ளத்தின் சுவரில் மோதும். சத்தம் பிறப்பது அங்கேதான். ஹவுசிங் அலுமினியம் என்றால் நாளடைவில் அந்தச் சுவரில் விரல் நகம் மாட்டும் அளவுக்குப் படி விழுந்துவிடும். அப்புறம் பிளேட்டுகள் அந்தப் படியில் சிக்கி, லிவரை இழுத்தாலும் சரியாகப் பிரியாது. பிளேட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை, ஹவுசிங்கையும் மாற்ற வேண்டும்.

சூடு இதைவிட மோசம். நெரிசலில் ஹாஃப் கிளட்ச்சில் ஊர்ந்துகொண்டே இருந்தால் பிளேட்டுகள் வழுக்கிக்கொண்டே இருக்கும். அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ள ஆயில் இல்லை, வீசும் காற்றும் இல்லை. உராய்வுப் பரப்பு பளபளவென்று கண்ணாடிபோல் இறுகும், ஸ்டீல் பிளேட் நெளியும், வண்டி திடுக் திடுக்கென்று கிளம்பும். கிண்டி சிக்னலில் தினமும் நிற்கிற வண்டிக்கு டிரை கிளட்ச் சரிப்படாது என்று நான் தயங்காமல் சொல்வேன். பெருமையும் சத்தமும் அந்த வேதனைக்கு ஈடாகாது.

பிஎம்டபிள்யூவின் கதை வேறு. 1923-இல் வந்த அதன் முதல் மோட்டார் சைக்கிளான ஆர்32-லேயே, காரில் இருப்பதுபோல் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் டிரை கிளட்ச் இருந்தது. பாக்ஸர் இன்ஜின் வண்டிகளில் அந்த அமைப்பு ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டு நீடித்தது. நெடுஞ்சாலையில் அது நெடுங்காலம் உழைக்கும். ஆனால் மணலிலும் மலைப்பாதையிலும் கிளட்ச்சைத் தேய்த்து ஓட்டினால் கருகும் வாடை வந்துவிடும். பின்பக்க ஆயில் சீல் கசிந்தாலும் பிளேட் கெட்டது. மாற்ற வேண்டுமென்றால் பின்சக்கரம் தொடங்கி கியர்பாக்ஸ்வரை கழற்றி, வண்டியையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். 2013-இல் நீர் குளிர்விப்போடு வந்த ஆர்1200ஜிஎஸ்ஸில் பிஎம்டபிள்யூ ஆயிலில் நனைந்த கிளட்ச்சை இன்ஜினின் முன்பக்கத்தில் வைத்தது. அந்த வண்டிக்கு அது சரியான முடிவு. டுகாட்டியும் 1199 பனிகாலேயில் ஆயிலுக்கு மாறியது. ஆனால் பந்தயத்தை மனத்தில் வைத்துச் செய்த 2019-ஆம் ஆண்டு பனிகாலே வி4 ஆர், டிரை கிளட்ச்சோடுதான் வந்தது.

இதெல்லாம் பல லட்சம் ரூபாய் வண்டிகளின் சமாசாரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஹோண்டா ஆக்டிவாவில் இருப்பதும் டிரை கிளட்ச்தான். இன்ஜின் வேகம் கூடும்போது கிளட்ச் ஷூக்கள் வெளிப்பக்கம் விரிந்து, சுற்றியுள்ள மணி வடிவ டிரம்மைப் பற்றும். முன்பக்கப் புல்லியின் இறக்கைகள் காற்றைத் தள்ளிக் குளிர்விக்கும். ஓட்டுபவர் கையில் லிவர் இல்லாததால் ஹாஃப் கிளட்ச்சில் தேய்க்கும் பழக்கத்துக்கும் இடமில்லை. நகரத்தில் அது தாக்குப்பிடிக்க இவை போதும். என்றாலும் ஷூ தேய்ந்த தூள் டிரம்மில் படிந்தால், கிளம்பும்போது வண்டி உதறும். மெக்கானிக் அதைக் கழற்றி, தூளை ஊதிவிட்டு, ஷூவையும் டிரம்மையும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துக் கொடுப்பார். பாலத்தின் ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரை முறுக்கியே வண்டியை நிறுத்தி வைப்பவர்கள்தான் இந்த ஷூவைச் சீக்கிரம் கருக்குகிறார்கள்.

ஆயில் டப்பாவிலும் இந்த வேறுபாடு எழுதியிருக்கிறது. ஜாசோ எம்ஏ, எம்ஏ2 என்று போட்டிருந்தால் அது நனைந்த கிளட்ச்சுக்கு ஏற்றது. எம்பி என்பது உராய்வைக் குறைக்கும் ஆயில்; கிளட்ச் ஆயிலில் நனையாத ஸ்கூட்டர்களுக்கானது. வீட்டில் பைக்கும் ஸ்கூட்டரும் இருந்தால், ஸ்கூட்டருக்கு ஊற்றி மீந்த எம்பி ஆயிலை பைக்கில் ஊற்றாதீர்கள். பிளேட்டுகள் வழுக்க ஆரம்பிக்கும். இன்ஜின் இரையும், வண்டி நகராது.