கரை வைத்த இறகுகள்

கோழி என்றதும் நமக்குக் கறியும் முட்டையும்தான் ஞாபகம் வரும். ஆனால் நாம் வாழும் இந்த இங்கிலாந்தில், பார்த்து ரசிப்பதற்கென்றே ஒரு கோழியை 200 ஆண்டுகளுக்கு முன் சர் ஜான் சீப்ரைட் உருவாக்கினார். பாராளுமன்ற உறுப்பினர், கோழிப் பைத்தியம் என்றும் சொல்லலாம். சீப்ரைட் கோழி மிகச் சிறியது. சேவலே 600 கிராமைச் சற்றுத்தான் தாண்டும். பொன்னிறமோ வெள்ளி நிறமோ, ஒவ்வோர் இறகையும் சுற்றிச் சேலைக்குக் கரை வைத்ததுபோல மெல்லிய கறுப்புக் கோடு. அந்தக் கரைக்காக அவர் பல ஆண்டுகள் வெவ்வேறு இனங்களைக் கலந்து, கோடு சரியாக விழுந்த குஞ்சுகளை மட்டும் அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொண்டார்.

இன்னொரு வேடிக்கை, சேவலுக்கு வளைந்த வாலே இல்லை. அதன் தோலில் ஆண் ஹோர்மோன் பெண் ஹோர்மோனாக மாறுவதால் பெட்டையின் இறகுதான் முளைக்கும்.

நெருங்கிய உறவுக்குள்ளேயே திரும்பத் திரும்ப இணை சேர்த்தால் கோழிகள் நன்றாக இனம் பெருக்கா என்று 1809இல் எழுதியவரும் இதே சீப்ரைட்தான். அவருடைய கோழியோ இன்று குஞ்சு எடுக்கச் சிரமமான இனங்களில் ஒன்று. பல முட்டைகள் கருக்கொள்வதில்லை. பொரித்தவையும் முதல் வாரங்களில் எளிதில் சாகின்றன. அதனால் வளர்ப்பவர்கள் சிலர், கண்காட்சியில் பரிசே கிடைக்காத நீள வால் சேவலைக் குஞ்சு எடுப்பதற்கென்று வீட்டில் வைத்துக்கொள்வார்கள்.